கேட்காத கழுத்து

“இன்னைக்கு எத்தனை?”

“இருபத்திரெண்டு.”

“இருபத்திரெண்டு பேரா!”

“பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? எல்லாம் குப்புறப் படுத்திருக்கு. இருபத்திரெண்டு கழுத்து.”

“கை வலிக்குதா?”

“கை வலிச்சாப் பரவாயில்ல. ஒவ்வொரு கழுத்தும் ஒண்ணு கேக்குது. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க, இன்னும் கொஞ்சம் கீழே, தலைகாணியை மாத்தணுமா, நாளைக்கும் வரலாமா... வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தாத்தான் நிம்மதியா இருக்கு. உன்னோடது ஒண்ணுதான் என்கிட்ட எதுவும் கேக்காத கழுத்து.”

கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு சாயங்காலம், சமையலறையில் நடந்த பேச்சு இது. அவன் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, வெந்நீர் நிரப்பிய பேசினில் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை அமிழ்த்தி வைத்திருந்தான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். புதுப் புருஷன் புகழ்ந்தால் எந்தப் பெண்தான் சிரிக்க மாட்டாள்?

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு வாக்கியம் நின்றுகொண்டிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பின்மேல் குனிந்திருந்ததில் பிடரியில் யாரோ ஆணியை வைத்துவிட்டு அடிக்க மறந்து போனதுபோல் இருந்தது. கட்டின புருஷன் கழுத்து வலிக்குக் கை வைத்தியம் பார்க்கிறவன். அவனிடம் எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் வரும்போதே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மொத்தம் ஆறே சொல். அவன் கைகளை வெந்நீரிலிருந்து எடுத்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அடுப்பைத் தணித்தாள்.

அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

பிறகு அந்தப் பேச்சு அவர்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது. உறவில் எங்கே நாலு பேர் கூடினாலும் அவன் அந்தக் கதையைச் சொல்வான். ‘இருபத்திரெண்டு கழுத்து’ என்னும் இடத்தில் ஒரு நிறுத்து நிறுத்துவான். கேட்பவர்கள் எல்லாரும் திரும்பி அவள் கழுத்தைப் பார்ப்பார்கள். அவனுடைய அக்கா ஃபோன் செய்தால் எடுத்ததுமே, “என்னம்மா கேக்காத கழுத்து, சௌக்கியமா?” என்பாள். இப்படி ஊர் முழுக்கப் பேர் வாங்கிய கழுத்தை வைத்துக்கொண்டு, வலிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது? அவள் சொல்லவில்லை. ஒரு வருஷம் சொல்லாமல் இருந்தால் இரண்டாவது வருஷம் சொல்வது கூச்சமாகிவிடுகிறது. ஐந்தாவது வருஷம் அது பொய் மாதிரி ஆகிவிடுகிறது. பதினாலு வருஷம் ஓடிவிட்டது.

அவன் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மகளுக்குத் தலை பின்னிவிடுவது அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காய் நறுக்குவது, துணி உலர்த்துவது எல்லாம் அவன்தான். வீட்டுக்குள் வந்ததும் அவனுடைய கைகள் மட்டும் ஓய்வெடுத்துக்கொள்ளும். மளிகைக் கடைக்காரர் தன் வீட்டு டப்பாவில் என்ன தீர்ந்தது என்று பார்க்க மாட்டார் அல்லவா, அந்த மாதிரி.

கிளினிக்கில் அவனுக்கு ‘கை மாஸ்டர்’ என்று பெயர். அங்கே ஒரு விளையாட்டு உண்டு. பழைய நோயாளிகளைக் குப்புறப் படுக்க வைத்து, தலையில் துண்டைப் போட்டு மூடிவிட்டு அவனைக் கூப்பிடுவார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பிடரியில் கட்டைவிரலை வைப்பான். “லாரி டிரைவர், வலது பக்கம் ஜன்னல் காத்து.” “கணக்கு டீச்சர், நோட்டு திருத்துற கழுத்து.” ஒருமுறை வரிசையாக ஒன்பது பேரைச் சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான்.

இந்த வருஷம் அவளுக்கு வலி எல்லை மீறிவிட்டது. சாலையைக் கடக்கும்போது தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள். “அம்மா பீரோ நகர்ற மாதிரி திரும்புறா பாருப்பா” என்று மகள் நடித்துக் காட்டினாள். அவனும் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்தால் வலது தோளில் சுரீர் என்றது.

வேலை அவளுக்கு உயிர். வடக்கு ஜன்னலோரம் அவளுடைய மைக்ராஸ்கோப். கண்ணாடிச் சில்லில் தடவிய ஒரு சொட்டு ரத்தத்தில் ஊதாச் சாயம் ஏற்றி, அதில் வெள்ளை அணுக்களை வகைவகையாக நூறு எண்ண வேண்டும். இடது கை எண்ணும் பொத்தானைத் தட்டும். வலது கை சில்லை நகர்த்தும். கழுத்து மட்டும் அசையவே கூடாது. நூற்றில் ஒன்றாக ஒளிந்திருக்கும் கெட்ட அணுவை அவள் கண் பிடித்துவிடும். மற்றவர்கள் பார்த்து முடித்த சில்லைக்கூட டாக்டரம்மா, “எதுக்கும் அக்காகிட்ட ஒரு தடவை காட்டுங்க” என்று அனுப்புவார்.

அந்த டாக்டரம்மாதான் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து அவள் மேஜையைப் பார்த்துவிட்டு நின்றார். மைக்ராஸ்கோப்பின் அடியில் நான்கு பழைய ரிஜிஸ்டர்கள்.

“என்ன இது, மாடி கட்டியிருக்கே?”

“குனிய முடியல டாக்டர். உயரமா இருந்தா...”

“எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளாத்தான்.”

“கொஞ்ச நாளுக்கு நாலு ரிஜிஸ்டரா? திரும்பு. இந்தப் பக்கம். ஐயையோ, நீ எங்க திரும்புறே, நாற்காலி இல்ல திரும்புது!” டாக்டரம்மாவுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. “உன் கண்ணு எனக்கு வேணும்மா. ஆனா இந்தக் கழுத்தோட உன்னை இதுல உக்கார வெக்க மாட்டேன். வலியோட எண்ணினா எண்ணிக்கை தப்பும். தப்பினா அது யாரோ ஒருத்தரோட உயிர். திங்கட்கிழமை வரைக்கும் லீவு எடு. வைத்தியம் பாரு. திங்கட்கிழமை வந்து நூறு எண்ணிக் காட்டு. முடியலைன்னா முன்னால கவுன்டர்ல உக்காந்து ரிப்போர்ட் கவர்ல போடு.”

“டாக்டர்...”

“லெட்டர் தர்றேன். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு பிசியோ கிளினிக் இருக்கு. அங்க ஒருத்தர் இருக்காராம், கை மாஸ்டர்னு. கழுத்தைப் பார்த்ததும் ஜாதகமே சொல்லிடுவாராம்.”

அவள் லெட்டரை வாங்கிக்கொண்டாள். அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. அல்வாக் கடைக்காரன் பெண்டாட்டி அடுத்த தெருவில் சர்க்கரை கடன் கேட்கிற மாதிரி இருந்தது.

புதன்கிழமை மத்தியானங்களில் அவன் கிளினிக்கில் இருக்க மாட்டான். நடக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்விடுவான். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் பெண் மூன்று மாதங்களுக்கு முன்னால்தான் சேர்ந்தவள். இவளைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக்கொண்டு புதன்கிழமை இரண்டரை மணிக்குப் போனாள். சீட்டில் எழுதிக் கொடுத்தது கல்யாணத்துக்கு முந்தைய முதலெழுத்தோடு.

“சங்கிலியைக் கழட்டிடுங்கக்கா. கவுனை முன்பக்கமாப் போட்டுக்குங்க. முடியை இந்தத் தொப்பிக்குள்ள விட்டுட்டு மூணாவது படுக்கையில குப்புறப் படுங்க.”

படுக்கையின் தலைமாட்டில் முகம் வைக்க ஒரு துளை இருந்தது. அதன் வழியே தரையின் சாம்பல் நிற டைல்ஸ் ஒன்றரை மட்டும் தெரிந்தது. சங்கிலியைக் கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள். சூடான ஒத்தடப் பை பதினைந்து நிமிஷம். பிறகு அந்தப் பெண் விரல்களால் தேடினாள்.

“என்னக்கா, கழுத்தா இது, கருங்கல்லா? இந்த வலது பக்கம் ஒரு முடிச்சு இருக்கு பாருங்க, கோலிக்குண்டு மாதிரி. இதை நான் தேய்க்க மாட்டேன். சும்மா அழுத்திப் பிடிச்சிட்டே இருப்பேன். அது தானா அலுத்துப் போய் விடணும். நீங்க பேசாதீங்க. மூச்சை மட்டும் நீளமா விடுங்க.”

கட்டைவிரல் இறங்கியது. முதலில் கண்ணில் பொறி பறந்தது. பிறகு மெல்ல மெல்ல, பூட்டுக்குள் சாவி திரும்புவதற்கு முந்தைய அசைவு மாதிரி ஏதோ நெகிழத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து பக்கத்து அறையில் இருந்து கூச்சல் வந்தது. கழுத்தை இழுக்கும் பெல்ட்டில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குத் தலை சுற்றிவிட்டதாம்.

“சார்! வந்துட்டீங்களா? ஒரு ரெண்டு நிமிஷம் இங்க பிடிச்சுக்குங்களேன். இப்பத்தான் இளகுது, விட்டா மறுபடி இறுகிடும்.”

திரை வளையங்கள் கிறீச்சிட்டன. துளைக்குக் கீழே இருந்த ஒன்றரை டைல்ஸில் இரண்டு பழுப்பு ஷூக்கள் வந்து நின்றன. காலையில் அவள் துடைத்து வைத்த ஷூக்கள்.

“பக்கவாத அம்மா வீட்ல ஆளில்ல, திரும்பிட்டேன். நீ போ, நான் பார்த்துக்கறேன்” என்றது குரல். பிறகு அதே குரல் தாழ்ந்து, பட்டுத் துணியை மடிப்பது மாதிரி பேசியது. “வணக்கம்மா. நான் ஆண் தெரப்பிஸ்ட். ரெண்டு நிமிஷம் நான் பிடிச்சுக்கலாமா? பேச வேண்டாம், பேசினா கழுத்து இறுகும். சரின்னா ஒரு விரலைத் தூக்குங்க போதும்.”

படுக்கையோரம் தொங்கிய கையில் அவளுடைய ஒரு விரல் தூக்கிக்கொண்டது. ஏன் என்று பிறகும் அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து ஓடியிருக்கலாம். அவன் இவ்வளவு மரியாதையாக அவளிடம் எதையும் கேட்டதே இல்லை என்பதுதான் அந்த நொடியில் தோன்றியது.

அவன் கட்டைவிரல் முடிச்சின்மேல் வந்து அமர்ந்தது. கை தேடவே இல்லை, நேராக வந்தது. ‘ஒன்பது பேரைச் சொன்ன கை. இதோ சொல்லப் போகிறது’ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“மூச்சைப் பிடிக்காதீங்கம்மா. விடுங்க. தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறிக்கிட்டு இருக்கு பாருங்க, இறக்குங்க. நெத்தியை என் கை மேல லேசா அழுத்துங்க. அழுத்துங்க... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. இப்ப விட்டுடுங்க. ஹாங். பார்த்தீங்களா? இறுக்கி விட்டாத்தான் சதைக்கு விடுறதுன்னா என்னன்னே தெரியுது.”

கட்டைவிரல் அரை அங்குலம் நகர்ந்தது.

“இது நேத்து வந்ததில்லம்மா. பத்துப் பன்னெண்டு வருஷக் கழுத்து. நல்லா அடக்கி வெச்சிருக்கீங்க.” பெருமூச்சு விட்டான். “வீட்ல யாருமே இல்லையாம்மா, ஒரு தடவை கை வெச்சுப் பார்க்க?”

அவள் சங்கிலியை இறுக்கிப் பிடித்தாள்.

“சில பேர் வாயைத் திறந்து கேக்கவே மாட்டாங்க. என் வீட்லயும் ஒரு கழுத்து இருக்கு.” நோயாளிகளின் மனசு லேசாவதற்காக அவன் எப்போதும் சொல்கிற கதை அது. அவள் எத்தனையோ முறை கேட்ட கதை. “கல்யாணமாகி மூணாவது மாசம். ஒருநாள் வீட்டுக்குப் போறேன், ‘இன்னைக்கு எத்தனை’ங்கறா. இருபத்திரெண்டு கழுத்துன்னேன்...”

அவன் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினான். சிரிக்கிற இடத்தில் சிரித்தான். துளையின் வழியே இரண்டு சொட்டு, ஷூவுக்கு அரைச் சாண் தள்ளி, டைல்ஸில் விழுந்தது.

“அழுகை வந்தா வரட்டும்மா. சதை இளகும்போது சில பேருக்கு வரும். வெக்கப்படாதீங்க.”

அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள். பெரியவருக்கு ஒன்றுமில்லையாம், சாப்பிடாமல் வந்துவிட்டாராம். “சார், போறதுக்கு முன்னாடி இவங்க கழுத்துல ஒட்ட டேப் வெட்டிக் கொடுத்துட்டுப் போங்க. உங்களை மாதிரி எனக்கு வெட்ட வராது” என்றாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஷூக்கள் போய்விட்டன. தூரத்தில் கை கழுவும் சத்தம்.

கிளம்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ‘கழுத்து வலி உள்ளவர்களுக்கு’ என்று தலைப்பு. அவளுக்கு அந்தத் தாளை நன்றாகவே தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் எழுதி, அவள் பிழை திருத்தியது. உலகத்துக் கழுத்தையெல்லாம் பிடித்தவன் ‘களுத்து’ என்றுதான் எழுதியிருந்தான். பதினோரு இடத்தில் திருத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து இப்போது நான்காவது வரியைப் படித்தாள். ‘வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். தினமும் பத்து நிமிடம், வலிக்காத அளவுக்குப் பிடித்துவிடச் சொல்லுங்கள்.’ அந்த ‘கேளுங்கள்’கூட அவள் திருத்தியதுதான். அவன் ‘கேலுங்கள்’ என்று எழுதியிருந்தான்.

சாயங்காலம் காலர் வைத்த சட்டையைப் போட்டு மேல் பொத்தான் வரை பூட்டிக்கொண்டாள். சோறு வடிக்கும்போது ஆவி முகத்தில் அடித்தது. வேர்வை தாங்காமல் பொத்தானைத் தளர்த்தி, முடியை உயர்த்தி ஒரு கிளிப் போட்டாள். தட்டு எடுக்க வந்தவன் பின்னால் நின்றுவிட்டதை அவள் உணர்ந்தாள்.

அவள் பிடரியில் இரண்டு விரல் அகலத்துக்கு நீல டேப் தெரிந்தது. நான்கு மூலைகளும் நகம் மாதிரி வளைவாக வெட்டப்பட்டிருந்தன. துணியில் மாட்டி உரியக் கூடாது என்று அப்படி வெட்டுகிறவன் அந்தக் கிளினிக்கில் ஒரே ஒருவன்தான்.

“இது...” என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். “எந்தப் படுக்கை?”

“மூணாவது.”

தட்டு அவன் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் அடுப்பைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

“நான் பேசினேனே.”

“பேசினீங்க.”

“அந்தக் கதையை...”

“ம்.”

“எனக்குத் தெரியலையேம்மா. கையை வெச்சேன். தெரியலையே.”

“எப்படித் தெரியும்? இதுக்கு முன்னாடி எப்பவாவது வெச்சிருந்தாத்தானே” என்று சொல்லிவிட்டாள்.

சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் முகம், மைக்ராஸ்கோப்பில் விளக்கை அணைத்தால் வட்டம் இருண்டு போகுமே, அப்படிப் போனது. தட்டைப் பார்த்துக் கேட்டான்.

“பத்துப் பன்னெண்டு வருஷம்னு சொன்னேன். சரியா?”

“பதினாலு.”

மகள் வந்து, “என்ன, ரெண்டு பேரும் அடுப்புக்குக் காவலா?” என்றாள். மூவரும் சாப்பிட்டார்கள். மகள் மட்டும் பேசினாள்.

மறுநாள் காலையில் அவள் படுக்கும் பக்கத்தில் துண்டு சுற்றிய வெந்நீர்ப் பை இருந்தது. தலையணை மாறியிருந்தது. கழுத்துக்கு முட்டுக் கொடுக்கச் சின்னத் துண்டு ஒன்றை உருட்டி உறைக்குள் தைத்தே வைத்திருந்தான், கோணல்மாணலாக. வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, “அந்தப் பொண்ணு நல்லா செய்வா. இன்னொரு தடவை போயிட்டு வா” என்றான், நோயாளிக்குச் சொல்வது மாதிரி.

“சரிங்க” என்றாள், நோயாளி மாதிரி.

உட்காரும்போதெல்லாம் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான். திருடியது அந்தக் கைகள்தான் என்பதுபோல. கிளினிக்கில் அவன் கதை சொல்வதை நிறுத்திவிட்டானாம். அவள் இரண்டாம் முறை போனபோது அந்தப் புதுப் பெண் ஒன்றும் அறியாமல் அவளிடமே சொன்னாள். “கை மாஸ்டருக்கு என்னவோ ஆயிடுச்சுக்கா. நாலு பேர் படுத்திருக்காங்க, ஹால்ல ஒரே நிசப்தம். கழுத்து பிடிக்கிற இடமா, பரீட்சை எழுதுற இடமான்னு தெரியல.”

அவள் தாளில் இருந்தபடி தோள்களைக் காது வரை உயர்த்தினாள், ஐந்து எண்ணினாள், விட்டாள். முதல் மூன்று வரியையும் ஒழுங்காகச் செய்தாள். நான்காவது வரியில் கண் நின்றுவிடும். இப்போது போய்க் கேட்டால் அது தண்டனை கொடுப்பது மாதிரி இருக்கும். அவனுடைய புண்ணில் போய்த் தன் கழுத்தை நீட்டுவதா? அவனோ, இத்தனை வருஷம் வைக்காத கையை இப்போது கொண்டு வந்து வைக்க என்ன யோக்கியதை என்று ஒதுங்குகிறான். ஒரே வீட்டில் இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நடந்தார்கள். கழுத்தில் பாதி இளகியிருந்தது. மீதிப் பாதி அசையவில்லை. சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் குனிந்து, கடுகை நூறு எண்ணிப் பார்த்தாள். அறுபத்துமூன்றில் தோள் வெட்டி இழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வந்துவிட்டாள். கூடவே மகனும், கல்யாணமாகி மூன்று வாரம்கூட ஆகாத மருமகளும்.

“எங்கே அந்தக் கேக்காத கழுத்து? கேக்காத கழுத்துக்குக் கேக்காமலே கேக்கு கொண்டாந்திருக்கேன்!” என்று வாசலிலேயே பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிறவள் அவள். “என்னம்மா, மொத்தமாத் திரும்பிப் பார்க்கிறே? கழுத்துல இஸ்திரி போட்டிருக்கியா?”

“ஒண்ணுமில்ல அண்ணி. தூக்கம் சரியில்ல.”

“கை மாஸ்டர் பெண்டாட்டிக்கே தூக்கம் சரியில்லைன்னா ஊர்ல எவளுக்குச் சரியா இருக்கும்!”

அவன் சிரிக்கவில்லை. காய் நறுக்கிய கத்தியைக் கழுவப் போய்விட்டான். குழாயடியில் ரொம்ப நேரம் கழுவினான்.

சாப்பாடு முடிந்து டீயும் கேக்கும் வந்தது. எல்லாரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா மருமகளின் தொடையில் தட்டினாள்.

“இந்தக் குடும்பத்துல உனக்குத் தர நகை நட்டெல்லாம் பெருசா ஒண்ணும் இல்லடி கண்ணு. ஒரு கதை இருக்கு. அதுதான் பரம்பரைச் சொத்து. சொல்லுடா தம்பி.”

“இப்ப எதுக்குக்கா?”

“எதுக்காவா? புதுசாக் கட்டினவன் கத்துக்க வேண்டாமா, பெண்டாட்டியை எப்படிப் புகழுறதுன்னு? இவனும் இருக்கானே, மூணு வாரமா ‘சாப்பிட்டியா’ங்கறதைத் தவிர வேற வசனம் கிடையாது.”

“அம்மா!” என்றான் மகன். புது மருமகள் டீக்குள் சிரித்தாள்.

“சொல்லுங்க மாமா” என்றாள் அவளும்.

அவன் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. “கல்யாணமாகி மூணாவது மாசம்” என்று தொடங்கினான். “ஒரு சாயங்காலம். இவ கேட்டா, ‘இன்னைக்கு எத்தனை’ன்னு.”

நிறுத்தினான். வழக்கமாக நிறுத்துகிற இடம் இது இல்லை.

“இருபத்திரெண்டு கழுத்து” என்று அக்கா எடுத்துக் கொடுத்தாள். “ம், அப்புறம்?”

“அந்தக் கதை தப்புக்கா.”

“என்னடா தப்பு? இருபத்தொண்ணா?”

மகனும் மருமகளும் சிரித்தார்கள். அவன் தரையைப் பார்த்தே பேசினான். “அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. இவ தணிச்சா. நாலு நாளா யோசிச்சுப் பார்க்கறேன், எதுக்குத் தணிச்சான்னு. என்கிட்ட என்னவோ கேக்க வந்திருக்கா. நான் கேக்க விடலை. வாயை அடைச்சிட்டு, அதையே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு...” கைகளைத் தொடைக்கு அடியில் இன்னும் உள்ளே தள்ளினான். “பதினாலு வருஷம் அக்கா. என் கைக்கு அவ கழுத்து எதுன்னு தெரியல.”

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. மருமகள் கோப்பையை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். மகள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவர்கள் அழப் போகிறார்களா என்று குழந்தைகள் பார்க்கிற பார்வை.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. நாலு பேர் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே, இதைப் பார்க்கவா இத்தனை வருஷம் பொத்தி வைத்தேன் என்று இருந்தது. அவனை அங்கிருந்து எழுப்பிக் கூட்டிப் போய்விட வேண்டும், கதவைச் சாத்திவிட வேண்டும் என்று தோன்றியது. எழுந்தாள். ஆனால் கால்கள் கதவுப் பக்கம் போகவில்லை. சமையலறைக்குப் போய் அந்தப் பழைய ஸ்டூலை எடுத்துவந்து அவன் முழங்காலுக்கு முன்னால் போட்டாள். அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சங்கிலியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தாள். காலரின் பொத்தானைத் திறந்து, முடியை ஒரு பக்கமாக முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பின்னால் அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. கைகள் இன்னும் தொடைக்கு அடியில்தான் இருக்கின்றன என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. சும்மா உட்கார்ந்தால் அவை வராது. அவற்றுக்கு வழி இல்லை. வழி அவள் வாயில் இருந்தது.

பஸ்ஸில் அன்றைக்குச் சொல்லிப் பார்த்தபோது அது இவ்வளவு கனமாக இல்லை. தோள்கள் தாமாகக் காது வரை ஏறின. ஐந்து எண்ணினாள். விட்டாள்.

“ஏங்க, என் கழுத்தைக் கொஞ்சம் பிடிச்சு விடுறீங்களா?”